சிங்கக் கொடிக்கு நாலு இலை

லண்டனுக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை கொடி தைப்பது. ஊரில் நான் கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதும் லிகிதராக இருந்தவள். தையல் என்றால் என்னுடைய சட்டைக்கு நானே கை வைத்துப் பழுதாக்கியதோடு சரி. ஆனால் நேர்முகத்துக்குப் போன இடத்தில் "தையல் தெரியுமா?" என்று கேட்டபோது வாய் தானாகவே "யெஸ்" என்றது. அது எண்பதுகளின் நடுப்பகுதி. அந்தக் காலத்தில் லண்டனுக்கு வந்து இறங்கிய எங்களில் எவரிடம் எதைக் கேட்டாலும் "யெஸ்" என்றுதான் பதில் வரும். என் கணவரிடம் கார் ஓடத் தெரியுமா என்று கேட்டு ஒரு வேன் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். அவரும் யெஸ் என்றுதான் சொன்னார். அந்த வேனைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

நாங்கள் இருந்தது மனோர் பார்க்கில். அங்கிருந்து ஒரு பஸ் எடுத்தால் கொடித் தொழிற்சாலை. தொழிற்சாலை என்பது பெரிய வார்த்தை. ரயில் பாலத்துக்குக் கீழே நீளமான ஒரு அறை, அதில் பத்துத் தையல் மெஷின்கள். மேலே ரயில் போகும்போதெல்லாம் ஊசி ஒரு நூல் அளவு விலகும். ஹோட்டல், கவுன்சில் கட்டடம், கப்பல் என்று எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் கொடி போனது.

கொடியில் கம்பத்தோடு ஒட்டும் பக்கம் ஒன்று, காற்றில் பறக்கும் பக்கம் ஒன்று என்று முதல் நாளே சொல்லித் தந்தார்கள். பறக்கும் பக்கத்துக்கு நாலு வரிசை தையல் போட வேண்டும், காற்று முதலில் கிழிப்பது அந்த இடத்தைத்தான். யூனியன் ஜாக்குக்கு மேல் கீழ் உண்டு என்பதையும் அங்கேதான் அறிந்தேன். கம்பத்துப் பக்கம் அகலமான வெள்ளைப் பட்டை மேலே வர வேண்டும். அது கீழே போனால் கொடி கவிழ்ந்துவிட்டது, நாங்கள் ஆபத்தில் இருக்கிறோம், வந்து காப்பாற்றுங்கள் என்று அர்த்தமாம். முதல் வாரத்தில் நான் ஒரு கட்டுக் கொடிகளுக்குக் கயிற்றைத் தலைகீழாகக் கோத்து வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழாக் குறையாகச் சொன்னேன்.

"ஏன் அழுறீர்? உள்ளதைத்தானே தைச்சிருக்கிறீர்," என்றார் என் கணவர்.

அறைக்கு மேற்பார்வையாளராக ஒரு வேல்ஸ் நாட்டு அம்மையார் இருந்தார். அறுபது வயதிருக்கும். கண்ணாடி கயிற்றில் தொங்கும், பல்லிடுக்கில் எப்போதும் ஒரு குண்டூசி இருக்கும். உலகத்து நாடுகள் எல்லாவற்றையும் அவருக்குத் தெரியும், ஆனால் தைக்கும் கஷ்டத்தை வைத்து மட்டும். நேபாளம் என்றால் "மூலைகள் தொல்லை" என்பார். ஜப்பான் என்றால் முகம் மலரும். நான் எந்த நாடு என்று கேட்டார். ஸ்ரீ லங்கா என்றேன்.

"ஓ, சிங்கம். கஷ்டம்," என்றார்.

எங்கள் நாட்டைப் பற்றி அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ ஆய்வுகள் கேட்டிருக்கிறேன். இரண்டு சொல்லில் இவ்வளவு சரியாகச் சொன்னவர் வேறு யாருமில்லை.

ஒரு வருடம் கழித்து என் பக்கத்து மெஷினுக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். என் பொட்டைப் பார்த்து நான் தமிழ் என்று அவள் அறிந்துகொண்டாள், அவளுடைய பெயரைக் கேட்டு அவள் சிங்களம் என்று நான் அறிந்துகொண்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. "நீங்களும் ஸ்ரீ லங்காவா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். மாத்தறை என்றாள். யாழ்ப்பாணம் என்றேன். பிறகு இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்து, இன்றைக்குக் குளிர் கூடத்தான் என்று ஒரே குரலில் சொன்னோம்.

அடுத்த ஒரு வருடம் குளிரைப் பற்றியே பேசினோம். கோடை வந்தபோது பேச்சுக்குக் கொஞ்சம் தட்டுப்பாடு ஏற்பட்டு, பஸ்ஸைப் பற்றியும் பிள்ளைகளின் சளியைப் பற்றியும் பேசினோம். அவள் சம்பல் கொண்டுவருவாள், நான் புட்டுக் கொண்டுபோவேன். அவள் என்னை அக்கா என்றாள். அந்தச் சொல் அவளுடைய மொழியிலும் அதேதான், அதனால் யார் யாருக்கு விட்டுக் கொடுத்தோம் என்ற பிரச்சினை வரவில்லை. மற்றதெல்லாம் ஆங்கிலத்தில், அதுவும் இரண்டு பேருக்கும் அரைகுறை. இங்கே அவள் சொல்வதை நான் என் தமிழிலேயே எழுதுகிறேன். ஊரில் என்ன நடக்கிறது என்று அவள் என்னிடம் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அவளுடைய ஊர்ப் பக்கமும் அந்த வருடங்களில் நிம்மதியாக இல்லை என்பதை அவள் மதிய இடைவேளையில் கடிதம் வாசிக்கும்போது முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "புட்டு நல்லாயிருக்கு அக்கா," என்பாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த ஓடர் வந்தது. நகர மத்தியில் ஒரு ஹோட்டலில் கொமன்வெல்த் நாட்டுக்காரர் கூடும் ஏதோ மாநாடு. எல்லா நாட்டுக் கொடியும் வேண்டும். ஸ்ரீ லங்காவுக்கு மட்டும் ஆறு.

அம்மையாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இந்த முறை எனக்குக் கவலையே இல்லை. அந்த நாட்டுக்காரர் இரண்டு பேர் என்னிடம் இருக்கிறார்கள்," என்று எங்கள் இருவரின் தோளிலும் கை போட்டார். பிறகு அலுமாரியிலிருந்து கொடிப் புத்தகத்தை எடுத்து விரித்தார். கெட்டி அட்டை போட்ட பழைய புத்தகம். அந்த அறையில் அதற்கு வேதப் புத்தகத்துக்குரிய மரியாதை.

விரித்த பக்கத்தில் எங்கள் கொடி இருந்தது. மஞ்சள் கரை, கம்பத்துப் பக்கம் நெட்டாகப் பச்சைக் கோடு, அடுத்துச் செம்மஞ்சள் கோடு, பிறகு கருஞ்சிவப்புப் பெட்டிக்குள் வாள் தூக்கிய சிங்கம். பெட்டியின் நாலு மூலையிலும் கூராக ஏதோ ஒன்று.

"சரியாக இருக்கிறதா?" என்று கேட்டார்.

"ஓம், சரி," என்றேன் நான்.

"பிழை," என்றாள் அவள்.

எங்கள் ஒரு வருட நட்பில் முதல் கருத்து வேறுபாடு அது.

"மூலையிலை இருக்கிறது அரச மரத்து இலை அக்கா. இது என்ன, ஈட்டி மாதிரி?"

"இலையோ? நான் பள்ளிக்கூடத்திலை கீறியிருக்கிறன். அது வேல்."

வேல் என்று நான் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. ஐந்தாம் வகுப்பில் சித்திரப் பாடத்துக்கு அந்தக் கொடியை வரைந்தபோது நாலு மூலையிலும் இருப்பது முருகனுடைய வேல் என்றுதான் நம்பினேன். சிங்கம் அவர்களுடையது, சுற்றிவரக் காவலுக்கு எங்களுடைய சாமி என்று ஒரு பத்து வயதுப் பிள்ளையின் மனத்தில் நாட்டுப் பிரச்சினை அப்போதே தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு வேலின் நடுவிலும் கோடு கீறிப் பொட்டும் வைத்தேன். ஆசிரியரும் ஒன்றும் சொல்லாமல் புள்ளி போட்டுவிட்டார்.

"நான் ஒவ்வொரு நாள் காலமையும் பள்ளிக்கூடத்திலை அந்தக் கொடிக்கு முன்னாலை நிண்டனான். இலைதான்," என்றாள் அவள்.

"உமக்கு வயது காணாது. நான் உமக்கு முந்திப் பாத்தனான்."

வயதைச் சொல்லி வாயடைப்பது எங்கள் ஆட்களின் கடைசி ஆயுதம். அம்மையார் எங்கள் இருவரையும் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். "புத்தகமும் இவளும் ஒரு பக்கம். இரண்டுக்கு ஒன்று," என்று தீர்ப்புச் சொல்லி, கூர்முனைகளை வெட்டச் சொன்னார். அன்று பின்னேரத்துக்குள் எட்டு வேல் வெட்டி, இரண்டு கொடியில் தைத்தும் முடித்தேன். நான் வெற்றி பெற்ற ஆள், அதனால் கை வேகமாக ஓடியது.

வீட்டில் கணவரிடம் எப்படிச் சொல்வது என்று பஸ் முழுக்க யோசித்தேன். அவர் தமிழர் உரிமைக் கூட்டங்களுக்குப் போகிறவர். அந்தக் கொடியைக் கண்டால் வீதியின் மற்றப் பக்கத்துக்கு மாறி நடப்பவர். தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னேன்.

"என்ன? சிங்கக் கொடியை நீர் தைக்கிறீரோ?"

"வேலையப்பா. நாளைக்கு ஜமேக்கா தைப்பன்."

"ஜமேக்காக்காரன் எங்களை என்ன செய்தவன்?" என்று எழுந்தவர், அப்படியே நின்று விரிவுரையைத் தொடங்கினார். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. "அந்தச் சிங்கம் கண்டி ராசாவின்ரை கொடி. ஆயிரத்து எண்ணூற்றிப் பதினைஞ்சிலை வெள்ளைக்காரன் கண்டியைப் பிடிச்சு, கொடியை இஞ்சை, இந்த லண்டனுக்குத்தான் கொண்டுவந்து போட்டவன். பிறகு எங்கடை நாட்டு ஆக்கள் இஞ்சை வந்து தேடிக் கண்டுபிடிச்சவை. நாப்பத்தெட்டிலை சுதந்திரம் எண்டு அதைத்தான் ஏத்தினது. அப்ப வெறும் சிங்கம். எங்கடையாக்கள் சத்தம் போட்டாப் பிறகு கமிட்டி வைச்சு ரெண்டு கோடு ஒட்டினவை. பச்சை முஸ்லிம் ஆக்களுக்கு, மற்றது எங்களுக்கு. கமிட்டியிலை இருந்த ஒரு தமிழர் கையெழுத்து வைக்கமாட்டன் எண்டிட்டார். கோடு ரெண்டையும் சிங்கத்தின்ரை பெட்டிக்கு வெளியாலை விட்டிருக்கு, வடிவாப் பாரும். சிங்கம் ஆரைப் பாத்து வாளைக் காட்டிக்கொண்டு நிக்குது? கோட்டைப் பாத்து!"

"உங்களுக்கு இவ்வளவு தெரியுமே! மூலையிலை இருக்கிறது வேலோ, இலையோ?"

அவர் ஆறின தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். "அது... அதை நான் கவனிக்கேல்லை," என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, படுக்கப் போகும்போது, அவரே திரும்பி வந்தார். "ஒண்டு சொல்லுறன் கேளும். அந்தக் கண்டியின்ரை கடைசி ராசா ஆர் தெரியுமோ? நாயக்கர். தெற்கிந்தியாப் பக்கத்து ஆள். தமிழ் கதைச்சவன். அப்பிடிப் பாத்தால் சிங்கத்திலையும் எங்களுக்கு ஒரு பங்கிருக்கு."

ஆக, பின்னேரம் வீதியைக் கடந்து தப்பி ஓட வேண்டியதாக இருந்த சிங்கம் படுக்கைக்குப் போகும் நேரத்தில் பாதி எங்களுடையதாகிவிட்டது.

அடுத்த நாள் அவள் பைக்குள்ளிருந்து ஒரு கடுதாசிக் கொடியை எடுத்து அம்மையாரின் மேசையில் வைத்தாள். அவளுடைய கணவர் கிரிக்கெட் பார்க்கப் போனபோது ஆட்டிய கொடி. நாலு மூலையிலும் இலை. நரம்புகூட இருந்தது.

"இது அச்சுப் பிழையாக இருக்கலாம்," என்று நான் விடவில்லை.

அம்மையார் பல்லிலிருந்த குண்டூசியை எடுத்து மேசையில் குத்திவிட்டு, தூதரகத்துக்கே போன் எடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் மெஷினை நிறுத்திவிட்டு அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "ஓ" என்றார். "அப்படியா" என்றார். "எழுபத்திரண்டில்?" என்றார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

விஷயம் இதுதான். முதலில் மூலைகளில் கூர்முனைதான் இருந்தது. எழுபத்திரண்டில் நாடு குடியரசாகி, சிலோன் என்ற பெயர் போய் ஸ்ரீ லங்கா வந்தபோது அதை எடுத்துவிட்டு அரச இலை வைத்தார்கள். புத்தகம் அதற்கு முந்தியது. நானும் அதற்கு முந்தியவள்.

"ரெண்டு பேரும் சரி அக்கா," என்றாள் அவள், பெருந்தன்மையாக. எனக்கு அதுதான் கூடக் கோபம்.

ஆனால் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் வேறொரு கணக்கு மனத்தில் ஓடியது. எழுபத்திரண்டுக்குப் பிறகும் நான் அந்த நாட்டில் பன்னிரண்டு வருடம் இருந்திருக்கிறேன். கச்சேரி என்ற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் அந்தக் கொடி பறந்தது, தபால் கந்தோரில் பறந்தது, நான் வேலை செய்த இடத்துக்கு எதிரிலும் பறந்தது. ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்திருந்தால் இலை கண்ணில் பட்டிருக்கும். பார்க்கவில்லை. என்னைச் சுற்றி இருந்த எவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் குளிரைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது.

மூன்றாம் நாள் தூதரகத்திலிருந்து தபாலில் ஒரு தாள் வந்தது. அளவுகள், நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் அர்த்தம். மதிய இடைவேளையில் அம்மையார் அதை உரத்து வாசித்தார். நாலு இலையும் அன்பு, கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வது, மனச் சமநிலை. வாலில் எட்டு மயிர், புத்தருடைய எட்டு வழிகள். தாடி, சொல்லின் தூய்மை. மூக்கு, புத்திக்கூர்மை.

"மூக்கா?" என்று அவள் கேட்டாள்.

"மூக்கு," என்றார் அம்மையார், நான் வெட்டி வைத்திருந்த சிங்கத்தின் மூக்கைக் கண்ணாடி போட்டு உற்றுப் பார்த்தபடி. "இது போதாது. இன்னும் கொஞ்சம் புத்தி வேண்டும்."

அன்று நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் மற்ற மெஷின்கள் நின்றுவிட்டன. சிரிப்பு அடங்கிய பிறகு அம்மையார் கோடுகளுக்கு வந்தார். பச்சை முஸ்லிம்கள், செம்மஞ்சள் தமிழர். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படியென்றால் நீ இந்தத் துண்டா?"

"ஓம்."

"சிங்கம் வாளோடு உன்னைப் பார்த்துக்கொண்டல்லவா நிற்கிறது?"

என் பக்கத்தில் இருந்தவள் கோப்பைக்குள் பார்த்தாள். பிறகு மெதுவாக, "எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலை சொன்னது, சிங்கம் அந்த ரெண்டு கோட்டுக்கும் காவல் நிக்குதெண்டு," என்றாள்.

"காவல் நிக்கிற ஆள் வெளியாலை பாத்தெல்லோ நிக்க வேணும்?" என்றேன் நான்.

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "ஓம் அக்கா. அது சரிதான்," என்றாள்.

இவ்வளவுதான் நாங்கள் இருவரும் நாட்டு அரசியலைப் பற்றிப் பேசியது. அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார்.

"உனக்காவது ஒரு துண்டு இருக்கிறது," என்றார் என்னிடம். "நான் முப்பது வருடமாக யூனியன் ஜாக் தைக்கிறேன். அதில் இங்கிலாந்தின் சிலுவை இருக்கிறது, ஸ்கொட்லாந்தின் சிலுவை இருக்கிறது, அயர்லாந்தின் சிலுவைகூட இருக்கிறது. வேல்ஸ் எங்கே?"

நாங்கள் இரண்டு பேரும் சுவரில் தொங்கிய கொடியில் வேல்ஸைத் தேடினோம்.

"தேடாதீர்கள். இல்லை. கொடி செய்தபோது எங்களை இங்கிலாந்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டார்கள். ஒரு நூல் கிடையாது. எங்களிடம் எவ்வளவு அருமையான டிராகன் இருந்தது தெரியுமா?" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "தைக்க மகா கஷ்டம், அது வேறு விஷயம்," என்றார்.

நான் தைத்த எட்டு வேல்களையும் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்த இடத்தில் ஊசி ஓட்டை தெரியாமல் இலை வைத்து மூடும் வேலை அவளுக்கு. கோடுகளும் அவளுக்கே. எனக்குச் சிங்கம். வளைவுகளில் என் கை பிசகாமல் போகும் என்று அம்மையார் காரணம் சொன்னார், ஆனால் சொல்லும்போது உதட்டோரம் துடித்ததை நான் கண்டேன். ஆறு சிங்கத்துக்கும் வால் மயிரை எண்ணி எண்ணித் தைத்தேன். பக்கத்தில் அவள் என்னுடைய செம்மஞ்சள் துண்டுக்கு அளவுகோல் வைத்து, ஒரு நூல்கூடக் குறையாமல் தைத்துக்கொண்டிருந்தாள்.

செய்தி எப்படியோ வெளியே போய்விட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில், அன்னதான வரிசையில் நின்றபோது, கணவரோடு கூட்டங்களுக்குப் போகும் ஒருவர் அவரைப் பிடித்துக்கொண்டார். "என்ன அண்ணை, அக்கா சிங்கக் கொடி தைக்கிறாவாம்?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கணவர் தொண்டையைச் செருமினார். "தம்பி, அதிலை மூலையிலை என்ன இருக்கெண்டு உமக்குத் தெரியுமோ?"

"மூலையிலையோ? ஏதோ பூவாக்கும்."

"பூவோ! இவ்வளவு காலம் எதிர்க்கிறீர், என்னத்தை எதிர்க்கிறனெண்டு தெரியாதோ? முதலிலை போய் வடிவாப் பாத்திட்டு வாரும்." சாம்பார் வாளி கிட்ட வரும் வரைக்கும் எழுபத்திரண்டு, அரச இலை, வாலில் எட்டு மயிர் என்று அந்த மனிதருக்கு விடுதலை கிடைக்கவில்லை. எல்லாம் நான் இரண்டு நாளுக்கு முன் சொன்னது. என் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை.

மாநாடு தொடங்கிய சனிக்கிழமை நானும் அவளும் ரயில் எடுத்து அந்த ஹோட்டலைப் பார்க்கப் போனோம். அது அவளுடைய யோசனை. வாசலுக்கு மேலே வரிசையாகக் கம்பங்கள். காற்று ஒரு பொட்டு இல்லை. கொடிகள் எல்லாம் உலரப் போட்ட உடுப்பு மாதிரித் தொங்கின. எது எந்த நாடென்று தைத்த எங்களுக்கே தெரியவில்லை. அரை மணித்தியாலம் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நின்று சிப்ஸ் சாப்பிட்டோம். வாசல் காவலாளி இரண்டு தரம் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார். மூன்றாம் தரம் பார்த்தபோது அவள் கையை ஆட்டி, "அது நாங்கள் தைச்சது!" என்று கத்தினாள். அவர் மேலே பார்த்துவிட்டு மரியாதைக்குத் தொப்பியைத் தொட்டார். காற்று வரவில்லை. மழைதான் வந்தது. ஓடிப்போய் ரயில் பிடித்தோம்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த இடத்தை மூடிவிட்டார்கள். கொடிகளை அச்சடித்து வெளிநாட்டிலிருந்து மலிவாக இறக்கத் தொடங்கிய காலம். அம்மையார் வேல்ஸுக்குத் தங்கையிடம் போனார். நான் ஒரு கவுன்சில் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன், இந்த முறை லிகிதராகவே. அவள் தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் வீடு வாங்கிப் போனாள். நகரத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ரயிலும் பஸ்ஸுமாக அரை நாள், அதனால் போனோடு சரி.

சித்திரை வருடப் பிறப்பு இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வரும். யார் முதலில் போன் எடுப்பது என்று எங்களுக்குள் போட்டி. ஒரு வருடம் விடிந்ததும் விடியாததுமாக நான் எடுத்து, மனப்பாடம் செய்து வைத்திருந்த சிங்கள வாழ்த்தை ஒரே மூச்சில் சொன்னேன். மறுமுனையில் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் சொன்னதில் ஒரு எழுத்து மாறி, அர்த்தம் எங்கேயோ போய்விட்டதாம். என்ன அர்த்தமென்று கேட்டேன்.

"வருசம் பிறக்கிற நாளிலை சொல்லக் கூடாது அக்கா. நாளைக்குச் சொல்லுறன்," என்றாள்.